மாப்பிள்ளை மாற்றிய புல்லி

பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் பதவிகளுக்கு இப்போது நீளமான இங்கிலீஷ் பெயர்கள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் காலத்தில் ஒரே பெயர்தான்: 'கம்ப்யூட்டர் சார்'. மவுஸ் நகரவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், முதலாளி வீட்டு டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள். ஒயர் இருந்தால் அது என் இலாகா. ரிமோட்டில் ஒயர் இல்லையே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் தொலைந்துவிட்டது என்றார்கள்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று நல்லூரில் வீட்டோடு இருக்கிறேன். எந்தக் கேபிளை எங்கே சொருகுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. நான் கற்றுக்கொண்ட கேபிள்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இந்தத் தொழிலில் இன்றுவரை மாறாமல் இருப்பது முதலாளியின் மாப்பிள்ளை ஒருவர்தான். உங்கள் கம்பெனியில் இன்னும் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், வந்துகொண்டிருப்பார். அவரை எப்படிச் சமாளிப்பது என்று எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. ஆகவே நான் பட்டதைச் சொல்லி வைக்கிறேன்.

இது நடந்தது இரண்டாயிரங்களின் பிற்பாதியில். கரண்ட் வருவதைவிடப் போவது ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காலம். வீரபாண்டிப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தேன். கைக்குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மேல்மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் ஓர் ஏசி, ஒரு கம்ப்யூட்டர், அகலமான காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும் பிளாட்டர் என்கிற பெரிய பிரின்டர். உடுப்பின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்கி ஒரு நீளக் காகிதத்தில் வரைந்து கொடுப்பதுதான் அந்த அறையின் வேலை. அந்தக் காகிதத்துக்கு மார்க்கர் என்று பெயர். கீழே கட்டிங் மாஸ்டர் அதைத் துணி அடுக்கின்மேல் விரித்து, கோட்டின்மேலேயே வெட்டிக்கொண்டு போவார். கோடு தப்பினால் துணியும் தப்பும். வெட்டிய துணியை எந்தச் சாமியாலும் ஒட்ட முடியாது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மெர்சி. வேலம்பாளையத்திலிருந்து வருவாள். கம்பெனியில் சேர்ந்தபோது கீழே டிரிம்மிங் மேஜையில், தைத்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை. சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து, மாடி ஏறி வந்து அந்த நாற்காலியைப் பிடித்தாள். நாற்காலி என்றால் சாதாரண நாற்காலிதான். ஒரு சக்கரம் சரியாகச் சுற்றாது. ஆனால் கீழிருந்து அந்த நாற்காலி வரைக்கும் ஏறி வந்தவர்கள் அந்தக் கம்பெனியில் வேறு யாரும் கிடையாது.

கம்ப்யூட்டர் பழசு. மார்க்கர் போடும் சாஃப்ட்வேர் விற்றவர்களே கூடச் சேர்த்துக் கொடுத்த கம்பெனிப் பெட்டி. சாஃப்ட்வேர் மட்டும் வருடா வருடம் புதுசாகிக்கொண்டே போனது. மெமரி போடுகிற இடங்கள் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. ஆயுத பூஜை தோறும் பெட்டியின் நெற்றியில் சந்தனம் அப்பினோம். அதிலும் வேகம் கூடவில்லை. ஒரு மார்க்கர் அடுக்கச் சொல்லிவிட்டு மெர்சி டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவாள். அது இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கும்.

முதலாளி நிட்டிங் மெஷின் ஓட்டி மேலே வந்தவர். நூலைத் துணியாகப் பின்னுகிற அந்த மெஷின் போதுமான வேகத்தில் ஓடவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான். மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரிய புல்லியாகப் போடுவார்கள். மெஷின் செய்தவன் எழுதி வைத்த வேகமெல்லாம் அவனுடைய சொந்தக் கருத்து என்பது எங்கள் கொள்கை. ஒருநாள் முதலாளி மாடிக்கு வந்தவர், கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க சார், இதுக்குப் புல்லி கில்லி மாத்த முடியாதுங்களா?"

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் பின்னால் நின்ற மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"முடியுமுங்க மாமா. அதுக்கு ஓவர்கிளாக்கிங்னு பேரு," என்றார்.

எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் ஏற்கெனவே ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர். எஞ்சினியரிங் முடித்திருந்தார், எந்தப் பிரிவு என்பது அவ்வப்போது மாறும். கம்பெனியில் அவருக்கென்று எந்தப் பதவியும் இல்லை, ஆகவே எல்லாப் பதவிகளும் அவருடையவை. வெளியூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் யாரிடமும் எதுவும் பேச முடியாது. திட்டுவதென்றாலும் "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்று மரியாதையாகத்தான் திட்டுவோம். முதலாளிகூட மெர்சியிடம் "மார்க்கர் ஆச்சுங்களா அம்மிணி?" என்றுதான் கேட்பார். மாப்பிள்ளை மட்டும் அதில் சிக்கனம் பிடித்தார். "மெர்சி, அந்த ஃபைலத் தொற." "மெர்சி, எந்திரி." முதலாளியிடம் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க' போடுவதால் மெர்சிக்குப் போட ஸ்டாக் இல்லாமல் போயிருக்கலாம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் என்கிற நீலப் பக்கம் வரும். பெட்டியின் அடிப்படை விஷயங்களை அங்கேதான் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியில் தேதியையும் நேரத்தையும் மாற்றலாம், அவ்வளவுதான். மெமரியின் வேகம் முதலான எதுவும் கண்ணிலேயே படாது. செய்தவன் மொத்தமாகப் பூட்டிவிட்டிருந்தான்.

"பாத்தீங்களா மாமா? வேகத்தப் பூட்டி வச்சுட்டு, புது மெஷின் வாங்குன்னு சொல்றான்," என்றார் மாப்பிள்ளை.

"பூட்டு இருக்குதுன்னா உள்ள சரக்கு இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்," என்றார் முதலாளி.

டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிப் போட்ட வேலியிலும்தான் பூட்டு தொங்குகிறது. உள்ளே யாரும் தங்கம் வைத்திருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைச் சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"மெமரிங்கறது கம்ப்யூட்டர் கையில புடிச்சிருக்கற கணக்குங்க. அளவு, கோடு எல்லாம் அங்கதான் நிக்கும். கை மாத்தற வேகத்த இஷ்டத்துக்குக் கூட்டுனா எப்பவாச்சும் ஒண்ணு நழுவுமுங்க. நழுவுனத அது சொல்லவும் சொல்லாது."

"சார் கொஞ்சம் பயந்த சுபாவமுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை.

"ஓட்டிப் பாப்பமுங்க. ஓடலைன்னா விட்டர்லாம்," என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார். 'ஓட்டிப் பாப்பம்' என்பதுதான் எங்கள் பகுதியின் மொத்த எஞ்சினியரிங் பாடத்திட்டம்.

முன்வாசல் பூட்டியிருந்தால் சமையலறை ஜன்னல் வழியாக இறங்குகிற ஆட்கள் உண்டு. மாப்பிள்ளை நெட்டிலிருந்து ஒரு குட்டி புரோகிராமை இறக்கிக்கொண்டு வந்தார். அது பயாஸைத் தொடாது. விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டே கம்ப்யூட்டரின் துடிப்பைக் கூட்டும், மெமரியும் சேர்ந்து ஓட வேண்டியதுதான். திரையில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு குமிழ். வலது பக்கம் நகர்த்தினால் வேகம். மாப்பிள்ளை நகர்த்தினார். தினமும் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அது தானாகவே வேலையைத் தொடங்கும்படி வைத்தும் விட்டார்.

ஓடியது. அதுதான் கொடுமை. அங்கேயே கருகிப் புகை வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். மெர்சி டீயை வாயில் வைப்பதற்குள் மார்க்கர் வந்து நின்றது. முதலாளி ஊழியர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. "பூட்டத் தொறந்த மாப்ளை" என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. வீட்டுக்கு வருகிற ஒறம்பரைக்கெல்லாம், அதாவது சொந்தபந்தங்களுக்கெல்லாம், முதலாளி மாடிக்குக் கூட்டிவந்து அந்தக் குமிழைக் காட்டினார். இருபது வருடமாக நிட்டிங் மெஷினுக்குப் புல்லி மாற்றிய மெக்கானிக்கை யாரும் இப்படி ஊர்வலம் விட்டதில்லை.

கண்ணுகளா, ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நின்றுபோகிற மெஷினால் உங்களுக்கு ஆபத்து இல்லை. 'என்னால் முடியாது' என்று அது யோக்கியமாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறதே, அதன்மேல்தான் ஒரு கண் இருக்க வேண்டும். ஆட்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்காதீர்கள், நான் கம்ப்யூட்டர் பிரிவு.

சில வாரங்கள் கழித்து, நல்ல வெயில் காலத்தில், கீழே செக்கிங் மேஜையில் கூட்டம் கூடிவிட்டது. தைத்து வந்த குழந்தைச் சட்டைகளில் ஒரு சைஸுக்கு மட்டும் முன்கழுத்து அகன்று கிடந்தது. போட்டுவிட்டால் குழந்தை கழுத்து வழியாகவே இறங்கி நடந்து போய்விடும். சின்னதாக இருந்தாலாவது இன்னும் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்யலாம். அகலமாக வெட்டியதை என்ன செய்வது? அந்த சைஸுக்கு மொத்தத் துணியும் அப்படியே வெட்டியாகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் மார்க்கர் காகிதத்தைக் கொண்டுவந்து விரித்தார். கோடு எப்படியோ வெட்டும் அப்படியே. அவர்மேல் தப்பில்லை.

எல்லோரும் மாடி ஏறினோம். சட்டையின் மூல அளவுகள் இருக்கும் ஃபைலைத் திறந்தேன். கழுத்து சரியாகவே இருந்தது. மூலம் சரி, மார்க்கர் தப்பு. நடுவில் இருந்தது மெர்சி.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க மாமா. இவதான் மவுஸ வச்சுக் கழுத்த இழுத்து விட்டிருப்பா," என்றார் மாப்பிள்ளை.

"நான் தொடலீங்க," என்றாள் மெர்சி.

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை. "அம்மிணி, தெரியாமக் கை பட்டிருக்கும். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னா போச்சாதுங்க, பரவால்லைன்னு அதோட விட்டர்லாம். வேலைய உட்டெல்லாம் அனுப்ப மாட்டேன். கொஞ்ச நாளைக்குக் கீழ டிரிம்மிங்ல உக்காருங்க," என்றார்.

"நான் தொடலீங்க."

"அப்பறம் தன்னால அகண்டுச்சா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"தெரியலீங்க. நான் தொடலீங்க."

நாளைக்குள் அந்த அறைச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார். மெர்சி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பிளாட்டரில் மிச்சமிருந்த காகிதத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"கீழ போறதுக்கு ஒண்ணுமில்லீங்க சார். அங்கிருந்துதான வந்தேன். ஆனா தொடாததத் தொட்டேன்னு எப்பிடீங்க சொல்றது? சொல்லீட்டா, நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கழுத்த இழுத்து உட்ட புள்ளைன்னுதானுங்க பேரு வரும்."

உண்மைதான். எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸைவிட வேகமாகப் போவது கெட்ட பேர் ஒன்றுதான். எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கீழே போய் "உங்கள் மாப்பிள்ளையின் குமிழ்தான் காரணம்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? மகளைக் கட்டியவரா, மவுஸ் மாற்றுகிறவரா என்று முதலாளி தேர்ந்தெடுக்க வேண்டும். விடை எனக்கே தெரிந்த பரீட்சையை எதற்கு வைக்க வேண்டும்? நான் போய்விட்டால் மெர்சிக்காகப் பேச மாடியில் ஏசி மட்டும்தான் மிஞ்சும். ஆளைக் குற்றம் சொன்னால் ஆட்கள் அணி பிரிந்துவிடுவார்கள். மெஷினையே வாய் திறக்க வைப்பதுதான் வழி.

முதலாளியிடம் போய் ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டேன். ஒரு சட்டையின் துண்டுகளை மட்டும், ஒரே ஃபைலிலிருந்து, இரண்டு முறை மார்க்கர் போட்டு எடுப்பது. இரண்டு காகிதமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது. "மாப்ளையும் வரட்டுங்க," என்றார் முதலாளி. அவர் வராமல் விடுவாரா?

மறுநாள் காலை ஏசி ஜில்லென்று ஓடியது. முதல் காகிதம் வந்தது. இரண்டாவது வந்தது. முதலாளி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நிட்டிங்கில் துணியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க அப்படிப் பிடித்துப் பழகிய கைகள். மயிரிழை பிசகாமல் கோட்டின்மேல் கோடு பொருந்தியிருந்தது. இன்னும் இரண்டு எடுத்தோம். அவையும் பொருந்தின. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகத்தோடு நின்றார். மெர்சி சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வழித்துத் துடைத்துவிட்டதுபோல் என் மூளையில் ஒன்றுமே இல்லை. எனக்கு ஆறுதல் சொல்ல முதலாளிதான் வாய் திறந்தார்.

"போச்சாதுங்க சார். நிட்டிங்லயும் இப்படித்தானுங்க. மெக்கானிக் காலைல வந்து நின்னான்னா மெஷின் தங்கமா ஓடும். மத்தியானம் சூடேறுனாத்தான் ஊசி ஒடியும்."

பாடம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. இந்தக் கேஸில் குற்றத்துக்கு யோசனை கொடுத்த நிட்டிங் மெஷினே வக்கீலாகவும் வந்து நின்றது.

"மெர்சி, அந்த மார்க்கர் போட்டப்ப கரண்ட் இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். மத்தியானமுங்க. ஜெனரேட்டர்லதான் ஓடுச்சு."

கரண்ட் போனால் தையல் மெஷின்களும் கம்ப்யூட்டரும் பிளாட்டரும் ஜெனரேட்டரில் ஓடும். ஏசி மட்டும் ஓடாது. ஏசிக்கு டீசல் ஊற்றக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. மனிதர்களுக்குத்தானே வேர்க்கும், கம்ப்யூட்டருக்கு வேர்க்குமா? தகரக் கூரைக்குக் கீழே அந்த அறை மத்தியானங்களில் இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கும். மெமரி காலையில் தாக்குப்பிடித்த வேகத்தை அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்குமா? தெரியாது. நழுவினாலும் நாங்கள் பார்க்கும்போது நழுவ வேண்டும். ஆனால் வேறு வழியில்லை.

"இன்னைக்கு மத்தியானம் கரண்ட் போனதும் கடைசியா ஒரு தடவைங்க. அப்பவும் சரியா வந்துச்சுன்னா நானே அந்தச் சாவிய எடுத்துக் கொண்டுவந்து குடுத்தர்றேன்," என்றேன்.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தாராளமாகத் தலையை ஆட்டினார். ஜெயித்தவர்கள் எப்போதும் தாராளமானவர்கள்.

எங்கள் பகுதியில் எது தவறினாலும் மத்தியானக் கரண்ட் கட் தவறாது. போனது. முதலாளியையும் மாப்பிள்ளையையும் தவிர, மெர்சி உட்படப் பாக்கி எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னேன். விளைவு எப்படி இருந்தாலும் அதைப் பார்க்கக் கூட்டம் வேண்டாம் என்பது ஒரு காரணம். கூட்டத்துக்கு முன்னால் எந்த மாமனாராலும் நியாயம் பேச முடியாது. இன்னொரு காரணம், கம்ப்யூட்டரில் யார் கை வைப்பது என்பது.

"நீங்களே உக்காருங்க. இந்த மெஷின் உங்க கைக்குத்தான் படியுதுங்க," என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

நான் வாழ்க்கையில் செய்த உருப்படியான முகஸ்துதி அது ஒன்றுதான். மாப்பிள்ளை சந்தோஷமாக உட்கார்ந்தார்.

முதல் காகிதத்தைக் காலையில் வந்ததன்மேல் வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. இரண்டாவதும் பொருந்தியது. முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மாப்பிள்ளை கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போதுங்களா சார்?" என்றார் முதலாளி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மெர்சி தெரிந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க," என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

மாப்பிள்ளை என்டர் தட்டினார். பிளாட்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி வரைந்து முடித்தது. முதலாளி காகிதத்தைக் கிழித்து, பழையதன்மேல் வைத்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். கழுத்து பொருந்தியது. பின்பக்கம் பொருந்தியது. தோள் பொருந்தியது. முதலாளியின் கண் கைத் துண்டுக்கு வந்து அங்கேயே நின்றது. கையின் ஒரு பக்கக் கோடு ஒரு விரல் அகலம் உள்ளே வாங்கியிருந்தது.

முதலாளி காகிதத்தை இறக்கவே இல்லை.

"மவுஸ எங்காச்சும் தொட்டீங்களா மாப்ளை?"

"நான் தொடலீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை.

தான் என்ன சொன்னோம் என்பது மாப்பிள்ளைக்கு அப்புறம்தான் உறைத்தது. முகம் செத்துப்போனது.

"அந்தப் புள்ளையும் இதேதானுங்க சொல்லுச்சு," என்றார் முதலாளி மெதுவாக. பிறகு என்னிடம், "துணியில ஓட்டை உழுந்தா வெளிச்சத்துல புடிச்சுக் கண்டுக்கலாம். இதுல உழுந்தா எங்கீங்க தெரியும்?" என்று கேட்டார்.

"கழுத்துலதானுங்க தெரியும்," என்றேன்.

"பழைய புல்லியே போட்டுருங்க சார்."

அந்தக் குட்டி புரோகிராமை அங்கேயே நீக்கினேன். கம்ப்யூட்டர் மறுபடி டீ குடிக்கிற வேகத்துக்கு வந்தது. இருந்த மிச்சத் துணியில் அந்த சைஸின் முன்பக்கத்தை மட்டும் திரும்ப வெட்டி, எப்படியோ சரக்கைக் கப்பலேற்றினோம். கழுத்து அகன்றதற்குக் காரணம் 'கரண்ட்' என்று கம்பெனி முழுக்கச் சொல்லப்பட்டது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கரண்ட்டுக்கு மாமனார் வீடு கிடையாது, எவ்வளவு பழி போட்டாலும் தாங்கும். ஏசிக்கு மட்டும் அன்றிலிருந்து டீசல் ஊற்றினார்கள்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு அறையில் வேர்க்க வேர்க்க நிற்பீர்கள். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த சாஃப்ட்வேர் எதுவும் உதவாது. யார் சரி என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லாமல் பொறுக்க வேண்டும். யாருடைய கையால் சோதனை நடக்க வேண்டும், யார் அந்த அறையில் இருக்கக்கூடாது என்று யோசிக்க வேண்டும். 'போதுங்களா' என்று முதலாளி கேட்கும்போது இன்னும் ஒன்று கேட்கிற அளவுக்கு வெட்கம் கெட்டிருக்க வேண்டும். இதற்கெல்லாம் சம்பள உயர்வு கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்று முதலாளி கதவைத் திறந்து மெர்சியை உள்ளே வரச் சொன்னார். சாவி அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. முதலாளி எதையோ சொல்லத் தொண்டையைக் கனைத்தார், சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் கம்பெனிகளில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பழக்கம் இல்லை. மாமனார் பார்த்த பார்வையில் மாப்பிள்ளைதான் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மெர்சி... அந்தக் கழுத்து மார்க்கர மறுபடியும் போட்டுக் குடுத்தர்றீங்களா?"

அதுதான் அவர் அவளிடம் முதன்முதலாகப் போட்ட மரியாதை. எங்கள் ஊர்க் கணக்கில் அது காலில் விழுந்ததற்குச் சமம்.

மெர்சி சாவியை எடுத்துக்கொண்டாள். சுற்றாத சக்கரத்தைக் காலால் தட்டி நாற்காலியை நேராக்கி உட்கார்ந்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னாள்.

"சரி."

அவ்வளவுதான். நாங்கள் மூன்று பேரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தோம். முதலாளி ஜன்னல் வழியாக ஜெனரேட்டரைப் பார்த்தார். நான் எந்தக் கோளாறும் இல்லாத ஓர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அந்த 'ங்க' கடைசிவரை வரவில்லை.